எட்டும் தூரமும் எட்டாத தெளிவும்

பறவைகளைப் படமெடுக்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் தட்டுப்படும் தடை தூரம்தான். வேடந்தாங்கலில் நாம் நிற்பது ஏரிக்கரையில். நாரைகளின் கூடுகளோ நீருக்குள் நிற்கும் மரங்களில். 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் வாங்கப் பல லட்சம் ரூபாய் வேண்டும். அதனால்தான், அந்த விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும் டெலிகன்வர்ட்டரின் மேல் பலருக்கும் ஆசை எழுகிறது. அது நல்ல கருவிதான். ஆனால் அதை அதிகம் நாடுகிறவர்களுக்கே அது குறைவாக உதவுகிறது என்பது என் கருத்து.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே பொருத்தப்படும் இந்தக் கருவி, லென்ஸ் தரும் பிம்பத்தின் நடுப்பகுதியைப் பெரிதாக்கிச் சென்சாரின் மேல் விரிக்கிறது. 300 மி.மீ. எஃப்/2.8 லென்ஸில் 1.4 மடங்கு கன்வர்ட்டரைப் பொருத்தினால் அது 420 மி.மீ. எஃப்/4 ஆகிறது, 2 மடங்கு என்றால் 600 மி.மீ. எஃப்/5.6. முன்னதில் ஒரு ஸ்டாப் ஒளியும் பின்னதில் இரண்டு ஸ்டாப் ஒளியும் போகின்றன. ஐஎஸ்ஓ 800-இல் எடுத்துவந்த படத்துக்கு, அதே ஷட்டர் வேகத்தில், 1600 அல்லது 3200 தேவைப்படும்.

இதன் பலன்கள் மெய்யானவை. இரண்டரை கிலோவுக்கும் குறைவான லென்ஸ் ஒன்றைக் கொண்டே இரண்டு மூன்று குவியத்தூரங்களில் படமெடுக்கலாம். லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் செய்யுமோ அந்தத் தூரம் மாறுவதில்லை. உருவம் மட்டும் பெரிதாகிறது. எனவே தும்பியையும் பட்டாம்பூச்சியையும் கலைக்காமல் தள்ளி நின்றே நெருக்கமாக எடுக்க முடிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டில் அமர்ந்திருக்கும் பறவையை நெருங்க வேண்டிய தேவை குறைகிறது. பறவையின் நிம்மதியைவிட எந்தப் படமும் பெரிதல்ல. இந்த ஒரு காரணத்துக்காகவே கன்வர்ட்டருக்குக் கேமராப் பையில் இடம் கொடுக்கலாம்.

குறைகளும் அதே அளவுக்கு மெய்யானவை. கன்வர்ட்டர் புதிதாக எந்த நுணுக்கத்தையும் உண்டாக்குவதில்லை. லென்ஸ் பிடித்ததைப் பெரிதாக்குகிறது, லென்ஸின் பிழைகளையும் சேர்த்தே. கூர்மையான பிரைம் லென்ஸ் இந்தச் சுமையைத் தாங்கும். 600 மி.மீ.-இல் எஃப்/6.3 மட்டுமே தரும் ஜூம், 1.4 மடங்கிலேயே எஃப்/9 ஆகிவிடுகிறது. பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றில் ஆட்டோஃபோகஸுக்கு எஃப்/5.6-தான் எல்லை, சிலவற்றில் எஃப்/8. மிரர்லெஸ் கேமராக்கள் இந்தத் தடையைப் பெரிதும் தளர்த்திவிட்டன. ஆயினும் விடியற்காலை மங்கலில் பறக்கும் பறவையைத் தொடர்ந்து பிடிப்பதற்கு ஒளி வேண்டும். அதற்கு மாற்று இல்லை.

கன்வர்ட்டர் இல்லாமல் எடுத்துப் பிறகு கிராப் செய்தால் என்ன? பறவையிடமிருந்து லென்ஸுக்குள் வரும் ஒளி இரண்டு முறையிலும் ஒன்றே. ஷட்டர் வேகம் ஒன்றாக இருந்தால், ஒரே அளவில் வைத்துப் பார்க்கும்போது இரண்டு படங்களின் இரைச்சலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். கன்வர்ட்டர் தரும் ஆதாயம், பறவையின் மேல் விழும் பிக்சல்களின் எண்ணிக்கைதான். 45 மெகாபிக்சல் படத்தை 1.4 மடங்குக்கு ஈடாகக் கிராப் செய்தாலும் ஏறக்குறைய 23 மெகாபிக்சல் மிஞ்சும்; நல்ல அச்சுப்படத்துக்கு அது தாராளம். 2 மடங்குக்கு ஈடாக வெட்டினால் 11 மெகாபிக்சல்தான். ஆகவே பெரிய பிக்சல்கள் கொண்ட 24 மெகாபிக்சல் ஃபுல்ஃபிரேம் கேமராவில் கன்வர்ட்டரின் பயன் அதிகம். நெருக்கமான பிக்சல்கள் கொண்ட சென்சாரில் குறைவு. லென்ஸால் பிரித்துக் காட்ட முடியாத இறகை எத்தனை பிக்சல் கொண்டும் மீட்க முடியாது.

லென்ஸ் தயாரிப்பாளர்களின் தேர்வும் இதையே சொல்கிறது. 2013-இல் கேனன் 200-400 மி.மீ. எஃப்/4 லென்ஸுக்குள்ளேயே கன்வர்ட்டரை வைத்தது. 2018-இல் 180-400 மி.மீ., 2022-இல் 400 மி.மீ., 600 மி.மீ. என நிக்கானும் அதே வழியில் சென்றது. நான்கும் ஒளி மிகுந்த, விலை உயர்ந்த லென்ஸ்கள். நான்கிலும் உள்ளே இருப்பது 1.4 மடங்குதான்.

எந்தக் கன்வர்ட்டராலும் வெல்ல முடியாதது காற்று. கோடியக்கரையின் சேற்றுவெளியில் வெயில் ஏறியபின் தொலைவில் நிற்கும் பூநாரைகளைக் கானல் அலைக்கழிக்கும். கன்வர்ட்டர் அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கும். அங்கே தேவை இன்னொரு கண்ணாடியல்ல, அதிகாலை.

என் தீர்ப்பு இது: எஃப்/2.8 அல்லது எஃப்/4 பிரைம் லென்ஸ் வைத்திருப்பவர்கள் 1.4 மடங்கைத் தயங்காமல் வாங்கலாம். 2 மடங்கு, நல்ல வெளிச்சத்தில் அசையாமல் இருக்கும் பறவைக்கு மட்டும். எஃப்/6.3 ஜூம் வைத்திருப்பவர்கள் கிராப் செய்வதே மேல். வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். முக்காலியில் வைத்து ஒரே காட்சியைக் கன்வர்ட்டருடனும் இல்லாமலும் எடுத்து, கிராப் செய்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.