டாலருக்குத் தொண்ணூறு சென்ட்

சினிமாவுக்கு வரிச்சலுகை கொடுத்தால் தொழில் வளருமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஆஸ்திரேலியாவின் 10பிஏ. 1981ல் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த பிரிவு. ஆஸ்திரேலியப் படம் என்று சான்றிதழ் வாங்கிய படத்தில் பணம் போட்டால், போட்டதில் 150 சதவீதத்தை உங்கள் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். படம் சம்பாதித்துக் கொடுப்பதிலும் ஒரு பகுதிக்கு வரி கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். அப்போது அங்கே உச்ச வரி விகிதம் 60 சதவீதம். அந்த அடுக்கில் இருக்கும் ஒரு டாக்டர் 1,00,000 டாலர் போடுகிறார். கழிவு 1,50,000. மிச்சமாகும் வரி 90,000. ஆக, அவருடைய சொந்தக் காசு வெறும் 10,000 டாலர்தான். மீதியைப் போட்டது அரசாங்கம். அதாவது மற்ற வரி கட்டுகிறவர்கள்.

இப்போது அந்த டாக்டர் கதையைப் படிப்பாரா? எதற்குப் படிக்கணும்? படம் ஓடினால் நல்லது, ஓடாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் போய்விடாது. அவருக்குத் தேவை, படம் சலுகைக்குத் தகுதி பெறணும், அந்த நிதியாண்டுக்குள் முடியணும். அங்கே நிதியாண்டு ஜூன் 30ல் முடிகிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஷூட்டிங் போக, கேமராமேனுக்கும் லேபுக்கும் அடிதடி, சம்பளம் ஏறியது, பட்ஜெட் ஏறியது. தரகர், வக்கீல் கட்டணமெல்லாம் அந்த பட்ஜெட்டுக்குள்ளேயே. தியேட்டர் பக்கமே வராத படங்களும் உண்டு. (எழுதிய கோடுக்கு வரிக்கு இவ்வளவு என்று சம்பளம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். இந்த வரி லைன்.)

'க்ராக்கடைல் டண்டீ'யும் இதில் வந்ததுதானே என்பார்கள். உண்மைதான். 1986ல் அமெரிக்காவையே கலக்கிய படம். ஆனால் பத்துப் படத்தில் ஒன்று ஜெயிப்பது சலுகை இல்லாத ஊரிலும் நடக்கிறது.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 150ஐ 1983ல் 133 ஆக்கினார்கள், அப்புறம் 120, 1988ல் வெறும் 100. அதே வருடம் நேரடியாகப் பணம் போட ஒரு நிதிக் கழகம். என் பார்வையில் இதெல்லாம் எண்ணைக் குறைத்ததுதான், தப்பு எண்ணில் இல்லை. செலவுக்குப் பரிசு கொடுத்தால் செலவுதான் வளரும். 2007ல் வந்த தயாரிப்பாளர் சலுகை பரவாயில்லை: தியேட்டருக்கான படம் என்றால் உள்நாட்டில் செய்த தகுதியான செலவில் 40 சதவீதம் திரும்பக் கிடைக்கும். அதுவும் செலவைத்தான் அளக்கிறது.

பிரான்ஸில் வேறு மாதிரி. ஒவ்வொரு டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் வரி பிடிக்கிறார்கள். அதிலிருந்து, படம் விற்ற டிக்கெட்டுக்கு ஏற்ப ஒரு தொகை அந்தத் தயாரிப்பாளர் கணக்கில் சேரும். அதை அடுத்த படத்தில்தான் போடணும். பார்வையாளர் இந்தக் கணக்குக்குள் இருக்கிறார். ஏற்கெனவே ஜெயித்தவனுக்கே மேலும் போகும் என்பது இதன் ஓட்டை. அதற்காகத்தான் 1959லிருந்து ஸ்கிரிப்டைப் படித்துத் தேர்ந்தெடுத்து முன்பணம் கொடுக்கும் திட்டத்தையும் தனியாக வைத்திருக்கிறார்கள். அங்கே யாராவது ஒருத்தர் கதையைப் படித்தே ஆகணும்.