வாக்கும் ஸ்தானமும்

பெங்களூர் அடுகோடியில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே வீதியில் ஒலிக்கின்றன. ஆயினும் அப்பகுதி அடங்கிய பி.டி.எம். லேஅவுட் தொகுதியிலிருந்து சட்டசபைக்குச் செல்பவர் ஒருவரே. அவருக்கு வாக்களியாதோரின் அபிப்பிராயத்துக்குச் சபையில் இடம் எது என்ற வினாவுக்கு இந்தியாவும் இலங்கையும் வெவ்வேறு விடை கண்டுள்ளன.

பிறரைவிட ஒரு வாக்கு மிகுந்தவரே வென்றவர் என்பது நமது முறை. ஆதரவு ஓரிடத்தில் திரண்ட கட்சிக்கு இது அனுகூலம். எங்கும் பரந்து கிடக்கும் மூன்றாம் கட்சிக்கோ பெரும் பாதகம். பழைய மைசூர்ப் பகுதியில் வேரூன்றிய மதச்சார்பற்ற ஜனதா தளம் 2023 கர்நாடக சட்டசபைத் தேர்தலில் நூற்றுக்குப் பதின்மூன்று வாக்குகளைக் கொண்டு 19 ஸ்தானங்களை அடைந்தது. 2006-இல் தமிழ்நாடெங்கும் நூற்றுக்கு எட்டுக்கு மேல் பெற்ற தே.மு.தி.க.வுக்கோ 234-இல் விருத்தாசலம் ஒன்றே வாய்த்தது. வாக்கு வீணாகுமே என்றஞ்சி மனத்துக்கு இசைந்தவரை மக்கள் கைவிடுவதும் இதனாலேயே.

இலங்கையும் முன்பு இவ்வழியே நடந்தது. 1977-இல் ஏறக்குறையப் பாதி வாக்குகளால் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஸ்தானங்களுள் 140-ஐப் பெற, நூற்றுக்கு முப்பதளவு வாக்குப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 8 ஸ்தானங்களோடு நின்றது. 1978 அரசியலமைப்பு, கட்சி பெற்ற வாக்குக்கு ஏற்ப ஸ்தானம் அளிக்கும் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்தது. இன்று 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து 196 பேரும் தேசியப் பட்டியலிலிருந்து 29 பேரும் பாராளுமன்றம் புகுகின்றனர். 2020-இல் நூற்றுக்கு நான்குக்கும் குறைந்த வாக்குகளோடு 3 ஸ்தானங்களில் பிழைத்திருந்த தேசிய மக்கள் சக்தி, 2024-இல் 159 ஸ்தானங்களோடு ஆட்சி பீடம் ஏறியது. சிறிய கட்சி வளர்வதற்குச் சபையில் ஒரு மூலையேனும் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

குறை அங்கும் உண்டு. கட்சிப் பட்டியலுக்குள் இன்னார் வேண்டும் என்று வாக்காளர் குறிக்கும் விருப்பு வாக்குக்காக ஒரே கட்சியினர் தம்முள் பொருதுகின்றனர். மாவட்டம் பெரிதாகையால், இவரே என் பிரதிநிதி என்று குடிமகன் ஒருவரைச் சுட்டுதல் அரிது. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் நூற்றுக்கு அறுபது ஸ்தானங்கள் வட்டாரத்துக்கும் நாற்பது விகிதாசாரத்துக்குமாக இரு முறைகளையும் கலந்தபோது, உறுப்பினர் தொகை மிகப் பெருகியது.

ஆயினும் கலப்பு முறையே நமக்கு ஏற்றது. மக்களவையில் நூற்றுக்கு இருபத்தைந்து ஸ்தானங்களைக் கூட்டி, அவற்றை விகிதாசாரப்படி நிரப்பலாம் என்று சட்டக் கமிஷன் 1999-இலேயே தன் 170-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அதனை முதலில் நகரசபைகளில் பரீட்சித்துப் பார்க்கலாம். தொகுதிக்கு ஒருவர் இருக்கட்டும். தோற்றவரின் வாக்கும் எண்ணிக்கையோடு அழிந்துபோகாமல் சபையில் பேசட்டும். அடுகோடி வாக்காளர் தம்மிடம் வாக்குக் கேட்டு வரும் அபேட்சகர் ஒவ்வொருவரிடமும் இச்சீர்திருத்தத்தைக் கேட்பாராக.