கைமாறும் நாவல்களும் ஆயரின் பரிந்துரையும்

திண்டுக்கல் நகரிலும், அதைச் சூழ்ந்த சமவெளியில் நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, வேடசந்தூர் முதலிய பகுதிகளிலும் உள்ள சபைகளுக்குச் சென்று வரும் நாம் பல்லாண்டுகளாகக் காணும் காட்சி ஒன்று உண்டு. ஆராதனை முடிந்தபின் ஆலய முகப்பில் பெண்கள் சிலர் நின்று பேசுவர். ஒருவர் பையிலிருந்து பழுப்புத்தாள் அட்டை போட்ட தடித்த நூல் ஒன்று வெளிவரும். மற்றொருவர் பைக்குள் செல்லும். "படித்துப் பாருங்கள் அக்கா, முடிக்காமல் தூக்கம் வராது" என்ற ஒரு சொல்லே அதற்கு மதிப்புரை. ஆயர் அருகே வருவது தெரிந்தால் நூல் வேதாகமத்தின் அடியில் மறைந்துவிடும். ஒருமுறை அவ்வாறு மறைக்கப்பட்ட நூலை வாங்கிப் பார்த்தோம். வார இதழிலிருந்து தாள்களைக் கிழித்தெடுத்துத் தைத்துப் பைண்டு செய்த 'சிவகாமியின் சபதம்' அது. அப்பெண்ணின் தாயார் மணமாகி வந்தபோது கொண்டுவந்த சீரில் அதுவும் ஒன்றாம். அதை ஏன் நமக்கு மறைக்க வேண்டியிருந்தது என்னும் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஆயர்கள் நாவலைப்பற்றிப் பேசும் முறைகள் நாமறிய இரண்டே. ஒன்று தடுத்தல், காதற்கதை உள்ளத்தைச் சிதறடிக்கும் என்று பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் எச்சரித்தல். மற்றொன்று, அதற்கு மாற்றாக ஒரு பக்திக் கதையைக் கையில் கொடுத்தல். முதலாவது பயனற்றது என்பதை ஆலய முகப்பே காட்டுகிறது. இரண்டாவது பயனற்றது மட்டுமன்று, சில வேளை தீங்கானதுமாகும். நாம் கொடுக்கும் பக்திக் கதைகளில் பெரும்பாலானவை மோசமான கதைகள். அவற்றில் மாந்தர் இல்லை, போதனைகள் நடந்து செல்கின்றன. இதை நம் வாசகர்கள் நம்மைவிட நன்கறிவர். ஆகவே அவற்றை மரியாதையுடன் பெற்றுக்கொண்டு, மரியாதையுடன் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

கல்கியை நாம் குறைத்துப் பேச வரவில்லை. 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' ஆகிய மூன்றும் தமிழ் வாசகருக்குப் பல்லவரையும் சோழரையும் உறவினராக ஆக்கிவிட்டன. 2022-லும் 2023-லும் 'பொன்னியின் செல்வன்' இரு பாகத் திரைப்படமாக வந்தபோது, நம் சபை இளைஞர் அந்நூலைத் தேடிப் பாட்டிமார் பெட்டிகளைத் திறந்ததையும் கண்டோம். சாண்டில்யனின் 'கடல் புறா'வும் 'யவன ராணி'யும் வேறு வகை. அவருடைய வருணனைகளைப்பற்றிச் சபைப் பெரியோர் கொண்டிருந்த அச்சத்திற்கு ஓரளவு காரணம் இருந்தது என்பதை மட்டும் சொல்லிக் கடந்து செல்கிறோம்.

நாம் அஞ்ச வேண்டியது காதலைப்பற்றியன்று. 'சிவகாமியின் சபத'த்தில் வரும் நாகநந்தி அடிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் புத்த பிட்சு; அக்கதையில் ஒற்றரும் சூழ்ச்சிக்காரரும் அவரே. காவியுடைக்குள் நஞ்சு இருக்கிறது என்ற எண்ணம் வாசகர் மனத்தில் மெல்லப் பதிகிறது. தமிழகத்தில் பௌத்தர் மிகச் சிறு தொகையினராகிவிட்ட காலத்தில் எழுதப்பட்ட நாவல் இது. மறுத்துப் பேச அவர்களில் வெகு சிலரே இருந்தனர். சிறுபான்மைச் சமயத்தாராகிய நாம் இதை முதலில் கவனித்திருக்க வேண்டும்; கவனிக்கவில்லை. சிவகாமிக்காகக் கண்ணீர் விட்டு நூலை அடுத்தவரிடம் கொடுத்தோம். எனினும் ஆசிரியருக்கு நீதி செய்ய வேண்டும். பின்னர் எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துப் பிட்சுக்களே நோயுற்ற இளவரசனைக் காத்துப் பேணுகிறார்கள். அதே கை இரண்டையும் எழுதியது. இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்வது, ஒன்றைத் தடைசெய்வதைவிட நல்ல ஆயர்பணி என்பது நம் கருத்து.

இவ்விடத்தில் நம் வீட்டையும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஞாயிறு பள்ளிக்கென நம்மவர் எழுதிய கதைகளில் கோயிற் பூசாரி எப்படி வருகிறார்? பேராசைக்காரராக, அல்லது கடைசிப் பக்கத்தில் மனந்திரும்புவதற்கென்றே வைக்கப்பட்டவராக. அவருக்கு மனைவியில்லை, கவலையில்லை, நகைச்சுவையில்லை. நாகநந்தியை எழுதியவர்மீது குறைகூறும் உரிமை நமக்குக் குறைவு. திருமறையோ இவ்வகையில் நம்மைவிடத் தாராளமானது. ரூத்தின் சரிதை ஒரு மோவாபிய விதவையின் கதை. களத்துமேட்டு இரவைத் தயக்கமின்றிச் சொல்லும் காதற்கதையும் அதுவே. அந்நியப் பெண்ணை அது குறைத்துக் காட்டவுமில்லை, அவள் நற்குணத்தை மேடையேற்றி முழங்கவுமில்லை. எஸ்தரின் சரிதையில் கடவுளின் பெயரே வருவதில்லை; இருந்தும் அதை எவரும் அலமாரியில் ஒதுக்கி வைப்பதில்லை.

நம் சமவெளிக்கு நாவல் புதிய சரக்கன்று என்பதையும் இடையே நினைவூட்டலாம். தமிழின் முதல் நாவல்களுள் ஒன்றாகிய 'கமலாம்பாள் சரித்திர'த்தை எழுதிய பி. ஆர். ராஜமய்யர் வத்தலக்குண்டில் பிறந்தவர். 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்த அந்நூலும் மாத இதழாகக் கைமாறியே வாசகரை அடைந்தது. இல்லறக் காதலில் தொடங்கி, வீண்பழியால் குலைந்து, வேதாந்த அமைதியில் முடியும் கதை அது. அதனுள் வரும் தமிழ்ப் பண்டிதர் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையைப் படித்துச் சிரிக்காதவர் இரார். ஆன்மிக நாவல் என்றால் சிரிப்புக்கு இடமில்லை என்று கருதும் நம் எழுத்தாளர்களுக்கு இந்தப் பண்டிதரைப் பரிந்துரைக்கிறோம். ராஜமய்யர் 1898-இல் இருபத்தாறு வயதில் மறைந்தார். அவரும், அதே 1872-இல் திருநெல்வேலிச் சீமையில் பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையாவும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர்கள். இருவருள் எவரும் கிறிஸ்தவராகவில்லை. ஆனால் நம் திருச்சபையின் வரலாற்றிலிருந்து ஒரு காதல் நாவலை எடுத்துத் தந்தவர் மாதவையா. 1915-இல் ஆங்கிலத்தில் அவர் எழுதிய 'கிளாரிந்தா'வைச் சரோஜினி பாக்கியமுத்து தமிழாக்கியுள்ளார். நாம் சபையாரிடம் கொடுத்த நூல் அதுவே. கொடுத்த விதத்தில்தான் தவறினோம்.

கிளாரிந்தாவின் கதையைக் குருமார் அறிவர். தஞ்சை மராத்தியப் பிராமண விதவை. ஆங்கிலப் படை அதிகாரி லிட்டில்டனுடன் வாழ்ந்து அவரோடு பாளையங்கோட்டைக்கு வந்தவர். அவரிடமே ஆங்கிலத்தையும் கிறிஸ்தவ மார்க்கத்தையும் கற்றவர். அவர் ஞானஸ்நானம் கேட்டபோது, மணமின்றி வாழ்வதைக் காரணங்காட்டிச் சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். லிட்டில்டன் இறந்தபின் 1778-இல் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது; பாப்பாத்தியம்மாள் கோயில் என்று இன்றும் அதை அழைக்கிறார்கள். திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தை எழுதிய கால்டுவெல் அத்தியட்சரும் 1881-இல் வெளியிட்ட நூலில் இவ்வம்மையாருக்கு உரிய இடத்தைக் கொடுத்திருக்கிறார்.

மாதவையா இவ்வரலாற்றை எடுத்துக்கொண்டு நாவலாசிரியருக்குரிய உரிமையுடன் விரித்தார். சிதையினின்று அவளை அதிகாரி மீட்கும் காட்சி கதையின் உயிர்நிலை. ஞானஸ்நானப் பதிவுக்குரிய உறுதி இச்செய்திக்கு இல்லை, மரபுவழியாகச் சொல்லப்படுவது. விதவைகளின் துயரைத் தம் எழுத்தின் பெரும்பொருளாகக் கொண்டிருந்த மாதவையா இக்காட்சியை விட்டிருக்க இயலாது. காதலன் பாத்திரம் தேவைக்குமேல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நம் குறை. ஆயினும் இந்து ஆசிரியர் ஒருவர் ஒரு பெண்ணின் மதமாற்றத்தைப் பரிகாசமுமின்றிப் பிரசாரமுமின்றி எழுதியிருக்கிறார். நம் ஞாயிறு பள்ளிக் கதைகளில் வரும் பூசாரிக்கு நாம் காட்டாத மதிப்பை இவர் நம் கிளாரிந்தாவுக்குக் காட்டினார். இதற்காகவே இந்நூல் பரிந்துரைக்கத்தக்கது.

நாமோ இதை ஒரு சாட்சியாகக் கொடுத்தோம். "நம் சபையின் தாய் எப்படி ஆண்டவரிடம் வந்தார் என்று பாருங்கள்" என்று ஐக்கிய சங்கக் கூட்டத்தில் சொன்னோம். எது வரலாறு, எது மாதவையாவின் கற்பனை என்று சொல்லவில்லை. ஞானஸ்நானம் மறுக்கப்பட்ட செய்தியை ஒரு வரியில் கடந்து, ஆலயப் பிரதிஷ்டைக்குத் தாவினோம். ஆறு வாரங்களுக்குப்பின், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நூலுடன் நம் இல்லத்திற்கு வந்தார். நூல் அதற்குள் நான்கு கைகள் மாறியிருந்தது. "ஐயா, ஒன்று கேட்க வேண்டும்" என்றார். "அவர்களுக்கு மார்க்கத்தைக் கற்றுக்கொடுத்ததே அந்த மனிதர்தானே? அவரோடு இருந்ததால் ஞானஸ்நானம் இல்லை என்றால், அவரிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா?"

திருச்சபை ஒழுங்கு, அக்காலச் சூழ்நிலை, சுவார்ட்ஸ் ஐயரின் மனச்சாட்சி என்று நமக்குத் தெரிந்தவற்றையெல்லாம் விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பல்லாண்டுகளுக்குமுன் நம் குருசேகரத்தில் இருந்த ஒரு பெண்ணின் நினைவை எழுப்பினார். கட்டட வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த விதவை அவர். முதல் மணம் நீங்காத ஒருவருடன் வாழ்ந்தார் என்பதற்காகத் திருவிருந்தினின்று அவரை விலக்கி வைத்தவர்கள் நாம். அந்த ஆடவர் வேறொரு சபையில் அங்கத்தினர். அவரிடம் நாம் ஒருமுறைகூடப் பேசியதில்லை. அவருடைய ஆயருக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. அப்பெண் சில மாதங்களில் ஆலயத்திற்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார் என்றே நாம் இவ்வளவு காலமும் எண்ணிக்கொண்டிருந்தோம் என்பதை வெட்கத்துடன் எழுதுகிறோம்.

சுவார்ட்ஸ் ஐயர் செய்தது தவறு என்று தீர்ப்புக் கூற இவண் முற்படவில்லை. அவர் காலத்தில் அவர் நிலையில் நாம் இருந்தால் வேறு செய்திருப்போம் என்று சொல்லத் துணிவில்லை. வேறு செய்யவில்லை என்பதற்குத்தான் சான்று இருக்கிறது. இக்கேள்வியை எழுப்பியது அருளுரை அன்று, சபை ஒழுங்குபற்றிய ஆய்வரங்கும் அன்று. பழுப்புத்தாள் அட்டை போட்டுக் கைமாறிய காதல் நாவல். சாட்சி என்று சொல்லிக் கொடுத்த நூலை அவ்வம்மையார் நாவலாகவே படித்தார். ஆகையால்தான் நாம் தாண்டிய இடத்தில் அவர் நின்றார்.

அவர் கேட்ட இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. "அந்தக் காலத்தில்தானே வேலு நாச்சியாரும் இங்கே இருந்தார்கள்?" என்றார். ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தோம். கணவரை இழந்த சிவகங்கைச் சீமை அரசியார் 1772 முதல் விருப்பாட்சியில் கோபால் நாயக்கரின் பாதுகாப்பில் இருந்து, ஹைதர் அலியின் உதவியைப் பெற்று 1780-இல் சீமையை மீட்டார். திண்டுக்கல்லில் ஹைதரைச் சந்தித்தார் என்பது நம் ஊராருக்கு மலைக்கோட்டையைப் பார்க்குந்தோறும் நினைவுக்கு வரும் செய்தி. அதே காலத்தில் தெற்கே கிளாரிந்தா ஞானஸ்நானத்திற்காகக் காத்திருந்தார். சுவார்ட்ஸ் ஐயரோ 1779-இல் ஆங்கிலேயரின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டினத்திற்குச் சென்று அதே ஹைதரைக் கண்டார். இரண்டு விதவைகள், ஒருவர் படையுதவி வேண்டி நின்றார், மற்றவர் திருமுழுக்கு வேண்டி நின்றார். திருச்சபை வரலாறு கற்பிக்கும் நாம் இவ்விரு கதைகளையும் ஒரே ஆண்டு வரிசையில் ஒருநாளும் கரும்பலகையில் எழுதியதில்லை. மாணவர் குறிப்பேட்டில் ஒன்று சபை வரலாறு. மற்றொன்று பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிட்ட பாடம். நாவல் படிக்கும் பெண்களுக்கோ இரண்டும் ஒரே பையில் வருகின்றன.

இப்பொழுது 'கிளாரிந்தா'வைக் கொடுக்கும்போது சாட்சி என்ற சொல்லை நாம் பயன்படுத்துவதில்லை. இது இந்து ஆசிரியர் ஒருவர் எழுதிய காதல் நாவல். இன்னின்ன செய்திகள் பதிவேட்டில் உள்ளவை, இன்னின்னவை கற்பனை என்று முதல் தாளில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறோம். அதனுடன் 'சிவகாமியின் சபத'த்தையும் சேர்த்துக் கொடுத்து, நாகநந்தியைப்பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறோம். இறையியல் மாணவர் சிலர் இதைக் கேட்டு நகைத்தனர். அவர்களுள் ஒருவர் விடுமுறைக்குச் செல்லும்போது இரண்டையும் கேட்டு வாங்கிச் சென்றார்.

ஆசிரியை அம்மையார் அன்று நூலைத் திருப்பித் தரவில்லை. அதை அந்த விதவையின் மகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். மகள் வேடசந்தூரில் மணமாகியிருக்கிறாராம். கொடுங்கள் என்றோம். அதன் பின் நூல் நம்மிடம் திரும்பி வரவில்லை. தாயாரின் முகவரியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டோம்.