தேன் எடுத்த கையோடு

தூத்துக்குடி மில்லர்புரத்தில் எங்கள் மொட்டைமாடியில் இரண்டு தேன்பெட்டிகள் இருக்கின்றன. இரண்டிலும் இந்தியத் தேனீ. பொந்துத் தேனீ, அடுக்குத் தேனீ என்று ஊருக்கு ஊர் அதற்குப் பெயர் மாறும். பின்வாசல் முருங்கையும் தெருவோரப் புங்கையும் காலி மனைகளில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலமும்தான் அவற்றுக்கு மேய்ச்சல். பங்குனிக் கடைசியில் தேன் எடுத்துவிட்டு, காலிச் சட்டங்களைப் பெட்டியில் இறக்கிக்கொண்டிருந்தேன். விளாத்திகுளம் பக்கம் கொத்தமல்லிக் காட்டில் இத்தாலியத் தேனீப் பெட்டிகள் வைக்கும் நண்பர் அன்றைக்கு வந்திருந்தார். "அண்ணாச்சி, தேன் எடுத்தாச்சுல்லா, கையோட ஆசிட்ட வச்சிருங்க" என்றார்.

அவர் சொன்னது பார்மிக் அமிலம். குமரி மாவட்டத்தில் ரப்பர் பாலை உறையவைக்க வாங்குவார்களே, அதேதான். 85 சதவீத அமிலத்தைச் சின்னக் குப்பியில் 5 மில்லி ஊற்றி, பஞ்சுத் திரி போட்டுப் பெட்டிக்குள் வைத்தால், ஆவி அடைகளுக்குள் பரவி வரோவா உண்ணியைக் கொல்லும். தேன் எடுத்து முடித்ததும் உண்ணிக்கு மருந்து வை என்பது இன்று உலகம் முழுக்கத் தேனீ வளர்ப்பவர்கள் படிக்கும் பாலபாடம். நான் அன்றைக்கு வைக்கவில்லை. ஆனால் அந்தப் பாடத்தை ஒதுக்கித் தள்ளவும் என்னால் முடியவில்லை. அதில் பாதி, பொன்போன்ற அறிவு. மறுபாதி, நம் வெயிலையும் நம் தேனீயையும் பார்க்காமல் எழுதப்பட்டது.

முதலில் அந்தப் பொன்னான பாதி. வரோவா உண்ணி இரண்டு மில்லிமீட்டர் அகலம்கூடத் தேறாது. செம்பழுப்பு நிறம், நண்டின் ஓடு மாதிரித் தட்டையான உடம்பு. தேனீயின் வயிற்று வளையங்களுக்கு இடையே புகுந்து ஒட்டிக்கொள்ளும். அது ரத்தம் குடிக்கிறது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். தேனீயின் கொழுப்புத் திசுவைத்தான் அது தின்கிறது என்று 2019-இல் சாமுவேல் ராம்சே குழுவினர் காட்டினார்கள். நமக்குக் கல்லீரல் செய்கிற வேலையில் பெரும்பகுதியைத் தேனீக்கு அந்தத் திசு செய்கிறது. கூடவே சிறகைச் சுருக்கிப்போடும் வைரஸையும் உண்ணி ஏற்றிவிடுகிறது. புழு வளர்ந்து அறைக்கு மெழுகு மூடி போடப்போகிற நேரம் பார்த்துத் தாய் உண்ணி உள்ளே நழுவி, மூடிக்குள்ளேயே முட்டையிட்டுப் பெருகுகிறது.

தேன் வரத்து இருக்கும்வரை கூட்டமும் பெருகும், உண்ணியும் பெருகும். ஆயிரக்கணக்கான புதுத் தேனீக்கள் தினமும் வெளிவருவதால் சேதம் கண்ணுக்குத் தெரியாது. பூ ஓய்ந்ததும் ராணி முட்டையைக் குறைத்துவிடும், கூட்டம் சுருங்கும், உண்ணி மட்டும் சுருங்காது. தலைக்கு இத்தனை உண்ணி என்ற கணக்கு சில வாரங்களில் தாறுமாறாக ஏறிவிடும். தேன் எடுத்த பிறகுதான் பெட்டி சாகிறது என்று வளர்ப்பவர்கள் புலம்புவதில் இருக்கும் உண்மை இதுதான். அந்தச் சமயம் பார்த்து மருந்து வைக்கச் சொன்னவர்கள் தேனீயை நன்றாகக் கவனித்தவர்கள்.

இன்னொரு நியாயம் தேனைப் பற்றியது. தேனறை பெட்டிமேல் இருக்கும்போது மருந்து வைத்தால் அதன் மிச்சம் தேனுக்குள் போகும். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியத் தேனை உள்ளே விட மறுத்ததையும், அதே ஆண்டு டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைத் தேனில் ஆன்டிபயாடிக் இருப்பதாக அறிக்கை வெளியிட்டதையும் தேன் தொழிலில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது உண்ணி மருந்தால் வந்த வினை இல்லை. ஆனால் பெட்டிக்குள் எதை, எப்போது வைக்கிறோம் என்பது சாப்பிடுகிறவரின் வயிறுவரை போகும் என்று அது எல்லோருக்கும் உறைத்தது. தேன் இருக்கும்போது மருந்து கூடாது என்கிற வரம்பை நான் அப்படியே ஏற்கிறேன். அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

சிக்கல் இனித்தான். இந்தப் பாடம் ஐரோப்பாவில் உருவானது. அங்கே ஆகஸ்டில் தேன் எடுப்பார்கள், அடுத்து குளிர் வரும், ராணி முட்டையிடுவதை நிறுத்தும். குளிர்காலத்தைத் தாண்டப்போகும் தேனீக்கள் உண்ணி படாமல் பிறக்க வேண்டும், அதற்காகத்தான் அந்த அவசரம். நம் பக்கம் எப்படி? குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும் தை, மாசியில் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத்தான் மார்த்தாண்டத்துத் தேனீக்கள் தேனாக்குகின்றன. அது முடியும்போது பங்குனி. கையோடு மருந்து வைத்தால் அது சித்திரை வெயிலில் வைக்கிற மருந்து. பார்மிக் அமிலத்தை வில்லையாகச் செய்து விற்கும் வெளிநாட்டு நிறுவனங்கள், வைத்த முதல் மூன்று நாட்கள் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று உறையிலேயே அச்சடிக்கின்றன. தூத்துக்குடியில் சித்திரை மாதத்து மத்தியானம் 35 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டில் 5 மில்லியும் ஒரே மூச்சில் ஆவியாகும். புழு சாகும், சில பெட்டிகளில் ராணியே சாகும். உண்ணிக்கு வைத்தது கூட்டத்துக்கே வினையாகிப்போகும்.

அப்படியானால் ஆக்ஸாலிக் அமிலம் வைக்கலாமே என்பார்கள். அது வெயிலுக்கு ஈடுகொடுக்கும், ஆனால் மெழுகு மூடியைத் தாண்டி உள்ளே போகாது. புழு வளர்கிற காலத்தில் உண்ணிகளில் பாதிக்கு மேல் அந்த மூடிக்குள்தான் இருக்கின்றன. ஐரோப்பியக் குளிரில் புழுவே இல்லாத நாட்கள் வாய்ப்பதால் அங்கே அது வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. நம் பக்கம் ராணி முட்டையைக் குறைக்குமே தவிர, பெரும்பாலும் அடியோடு நிறுத்தாது. ஃப்ளூவாலினேட் என்ற உண்ணிக்கொல்லி தடவிய பட்டை சுலபம்தான், ஆனால் அது மெழுகில் தங்கும். ஆண்டுதோறும் அதையே மாட்டினால் உண்ணி அதற்குப் பழகிவிடும் என்பதை இத்தாலியின் லொம்பார்டியில் 1990-களின் தொடக்கத்திலேயே கண்டார்கள்.

நாடோடியாகப் பெட்டி கொண்டுபோகிறவர்களுக்குத் தேன் எடுத்த பிறகு என்ற நாளே ஒன்று கிடையாது. கொத்தமல்லி முடிந்தால் முருங்கை, அதை விட்டால் ரப்பர், எள், சூரியகாந்தி என்று லாரி ஏறிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு பூவுக்கு நடுவே கிடைக்கும் பத்து நாளில் அரைகுறையாக மருந்து வைப்பார்கள். என் நண்பரை நான் குறை சொல்லவில்லை. நூறு பெட்டியை வைத்துக்கொண்டு வாடகை லாரிக்குப் பணம் கட்டுகிறவருக்கு நாள்காட்டி பார்த்துச் செய்வதுதான் கைகொடுக்கும்.

எனக்கு எல்லாவற்றையும்விட மனதை உறுத்துவது, இத்தாலியத் தேனீக்கான பாடத்தை இந்தியத் தேனீயின் தலையிலும் கட்டுவது. வரோவா பேரினத்தை 1904-இல் ஊடெமான்ஸ் முதலில் விவரித்ததே ஜாவாவில் நம் இனத் தேனீயின் கூட்டிலிருந்துதான். உண்ணிக்குப் பூர்வீக வீடு இதுதான். இங்கே அது ஆண் தேனீயின் அறையில் மட்டுமே பெருகும். ஆண் புழு ஆண்டு முழுக்க இருக்காது. பணித்தேனீயின் புழுவில் உண்ணி ஏறினால் அந்தப் புழு சீக்கிரமே செத்துப்போகும், உண்ணியின் வம்சமும் அதோடு முடியும், பணித்தேனீக்கள் அதை இழுத்து வெளியே போட்டுவிடும். ஓர் ஆண் அறைக்குள் பல உண்ணிகள் புகுந்து உள்ளிருப்பது வலுவிழந்தால், மூடியைத் திறக்காமலே விட்டுக் கல்லறையாக்கிவிடும். உடம்பில் ஏறியதைக் கூட்டாளிகள் பிடித்துக் கடித்துப் போடுவதும் உண்டு. 1962-இல் அன்றைய பஞ்சாபின் நக்ரோட்டா பக்வானில் இத்தாலியத் தேனீ இந்தியாவில் முதன்முறையாக நிலைத்தது. அதற்கு இந்தப் பழக்கமெல்லாம் போதிய அளவு கிடையாது. உண்ணிக்கும் நம் தேனீக்கும் இடையே உள்ள பங்காளிச் சண்டை யுகக்கணக்கானது. அதற்குள் அமிலக் குப்பியோடு நுழைந்தால், நாற்றம் பொறுக்காமல் இந்தியத் தேனீ கூட்டத்தோடு பெட்டியைக் காலிசெய்துவிட்டுப் போய்விடும். கூடு விட்டு ஓடுவது அதற்குக் கைவந்த கலை.

இந்தியத் தேனீக்கு உண்மையான எமன் வேறு. 1991, 92-இல் தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் 90 சதவீதத்துக்கு மேல் அழித்தது. புழு நீர்ப்பை மாதிரி வீங்கிச் செத்துக் கிடக்கும். மார்த்தாண்டம் பகுதியில் இதையே நம்பிப் பிழைத்த குடும்பங்கள் காலிப் பெட்டிகளை அடுக்கிவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போயின. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் காலத்திலிருந்து கட்டி எழுப்பிய தொழில் அது. எந்த அமிலமும் அந்த வைரஸைத் தொடாது. தேன் எடுத்த கையோடு நம் பெட்டிக்கு வேண்டியது வேறு: தேனீ மூடாத காலி அடைகளை வெளியே எடுத்தால் மெழுகுப்பூச்சி பிடிக்காது, கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது, ஒன்றிரண்டு தேனடைகளை விட்டுவைத்தால் பஞ்சகாலத்தில் கூட்டம் ஓடாது. மருந்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதையும் பேசினால் எத்தனையோ பெட்டிகள் ஆடி தாண்டும்.

மருந்து வைக்கும் முன் உண்ணியை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி. எங்கள் ஊர்க் கடலில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. முத்துக் குளிப்பை அறிவிக்கும் முன் அரசு அதிகாரிகள் தோணிகளோடு சிப்பி விளையும் ஒவ்வொரு பாராகப் போய், குளியாட்களை இறக்கி, மாதிரிச் சிப்பிகள் எடுப்பார்கள். சிப்பிக்கு என்ன வயது, எவ்வளவு அடர்த்தி, கிடைக்கும் முத்து என்ன விலை போகும் என்று பார்த்த பிறகே இந்த ஆண்டு குளிப்பு உண்டா இல்லையா என்று முடிவாகும். ஜேம்ஸ் ஹார்னெல் இங்கே முத்து, சங்குத் துறையின் கண்காணிப்பாளராக இருந்தபோது இது பெரிய ஆய்வாகவே நடந்தது. பல ஆண்டுகள் இல்லை என்றே பதில் வரும், ஊரும் காத்திருக்கும். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக் குளிப்பே நடக்கவில்லை. எண்ணிப் பார்த்ததால் மட்டும் பார்கள் பிழைத்துவிடவில்லை. ஆனாலும் கடலுக்குள் கிடப்பதையே எடுத்து எண்ணிப் பார்த்தவர்கள் நாம். கையெட்டும் பெட்டியை ஏன் எண்ணாமல் விட வேண்டும்?

எண்ணுவது எளிது. இத்தாலியத் தேனீ என்றால், ராணி இல்லாத ஒரு புழு அடையிலிருந்து அரை டம்ளர் தேனீயை வாயகன்ற பாட்டிலில் உதற வேண்டும். ஏறக்குறைய 300 இருக்கும். இரண்டு ஸ்பூன் பொடித்த சர்க்கரை போட்டு, வலை மூடி போட்டு, ஒரு நிமிடம் உருட்டி, பாட்டிலைத் தலைகீழாக்கி வெள்ளைத் தட்டில் குலுக்கினால், பிடி வழுக்கிய உண்ணிகள் சர்க்கரையோடு கொட்டும். சர்க்கரை படிந்த தேனீக்கள் உயிரோடு பெட்டிக்குத் திரும்பும். தட்டில் ஒன்பதைத் தாண்டினால், நூற்றுக்கு மூன்றுக்கு மேல், சும்மா இருக்கக் கூடாது. அப்போது மருந்து வைத்தே தீர வேண்டும் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. சித்திரையாக இருந்தால், ராணியை மூன்று வாரத்துக்குச் சற்று மேல் சின்னக் கூண்டில் அடைத்து, புழுவெல்லாம் தேனீயாகி வெளிவந்ததும் ஒரே முறை ஆக்ஸாலிக் அமிலம் கொடுப்பது நல்ல வழி. இத்தாலியில் கோடையில் பலரும் இதைச் செய்கிறார்கள். பூ இல்லாத காலத்தில் புழு இல்லாதது தீனிக்கும் மிச்சம். பெட்டிக்குப் பெட்டி ராணியைத் தேடிப் பிடிக்கிற வேலை கனம் என்பதை மறைக்க மாட்டேன்.

எண்ணுவதற்கும் எல்லை உண்டு. ஆஸ்திரேலியா தன் துறைமுகங்களில் காவல் பெட்டிகள் வைத்து எண்ணிக்கொண்டே இருந்தது. 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்துப் பெட்டியில் உண்ணி அகப்பட்டபோது, அது ஏற்கெனவே வெளியே பரவியிருந்தது. ஆயிரக்கணக்கான பெட்டிகளை அழித்தும் பயனில்லாமல், 2023 செப்டம்பரில் ஒழிக்கும் முயற்சியைக் கைவிட்டார்கள்.

நண்பர் சொன்ன அன்றே மாலையில் என் முதல் பெட்டியைத் திறந்தேன். இந்தியத் தேனீக்கு ஆண் அறையைத்தான் பார்க்க வேண்டும். கூம்பு மாதிரி எழும்பி, நுனியில் ஊசித்துளை போட்ட மூடி. முள்கரண்டியால் இருபது மூடிகளைப் பெயர்த்தேன். பால்வெள்ளைக் கூட்டுப்புழுக்கள் வரிசையாக வந்தன. அவற்றில் இரண்டின் முதுகில் செம்பழுப்புப் பொட்டு நகர்ந்தது. மூன்றாவது ஒன்று கரண்டிப் பல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரும் எண்ணினார். பிறகு தன் வண்டியிலிருந்து பாட்டிலும் வலையும் இருக்கிறதா என்று தேட இறங்கிப் போனார்.