கேதம் கேட்டலும் மன ஆறுதலும்

சின்னாளப்பட்டியிலும் அதைச் சூழ்ந்த திண்டுக்கல் சமவெளிக் கிராமங்களிலும் ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால், தறியில் பாவு பாதி நெய்தபடி நிற்க, உற்றாரும் ஊராரும் கேதம் கேட்க வந்து குவியும் சம்பிரதாயம், துக்கத்தில் மூழ்கிய உள்ளத்துக்கு எவ்வளவு தூரம் மருந்தாகிறது, எந்த இடத்தில் புண்ணைக் கிளறுகிறது என்பதை நிதானமாக ஆராய்வது அவசியம்.

தெருமுனையிலேயே கூந்தலை அவிழ்த்துவிட்டு அழுதுகொண்டே வருகிறவள், நேரே உள்ளே போய், பறிகொடுத்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்குகிறாள். தன் வீட்டில் என்றோ போனவருக்காகவும் சேர்த்துத்தான் அவள் அழுகிறாள். பங்காளி செய்த வஞ்சகமும் புகுந்த வீட்டில் பட்ட பாடும் அந்த இராகத்தில் வெளிவரும்போது யாரும் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. துக்கப்பட்டவளைத் தனியே விடாமல், உண்ண வைத்து, பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும் இந்த அக்கறைக்கு ஈடான வைத்தியம் அந்த நாட்களில் வேறில்லை என்பதே என் அபிப்பிராயம். பந்தலில் உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்கோ அந்த அழுகையும் கிடைப்பதில்லை.

ஆனால், அழுகை ஓய்ந்ததும், "எப்படி ஆச்சுத்தா? கடைசியா என்ன பேசுனாக?" என்று வருகிறவர் ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். முதிர்ந்து போனவரைப் பற்றியானால் அது ஆறுதல். விபத்திலோ தற்கொலையிலோ மகனை இழந்த தாய்க்கு அது விசாரணை. இதேபோல, கோர விபத்தைக் கண்டவர்களை உடனே உட்காரவைத்து நடந்ததைச் சொல்லச் செய்யும் முறையை 1983இல் அமெரிக்கரான ஜெஃப்ரி மிட்செல் வகுத்தார். அவ்வாறு ஒரே அமர்வில் சொல்லவைப்பதால் பின்னாளைய மனநோய் தடுக்கப்படுவதில்லை, சிலருக்குத் தீங்கும் நேரலாம் என்று 2002இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கண்டது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும், அருகிலிருங்கள், பேசினால் கேளுங்கள், பேசும்படி வற்புறுத்தாதீர்கள் என்றே போதிக்கிறது. நம் வழக்கத்தில் அருகிருத்தல் பூரணமாக இருக்கிறது, வற்புறுத்தாமைதான் இல்லை.

இதைவிடப் பெரிய குறை, பதினாறாம் நாள் கருமாதியோடு எல்லாரும் கலைந்துபோவது. அதிர்ச்சியின் பின்விளைவான மனநோயை மருத்துவர்கள் நிர்ணயிப்பதே, தூக்கமின்மையும் திடுக்கிடலும் திரும்பத் திரும்ப வரும் காட்சிகளும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த பின்புதான். நோய் தன்னைக் காட்டும் வேளையில் வாசலில் ஒருவரும் இல்லை.

ஆகவே, கேதத்துக்குப் போகும் சகோதர சகோதரிகளே, கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருங்கள். கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுக்கு மறுபடியும் ஒருமுறை போங்கள். உறக்கமற்றுத் தவிப்பவர் யாரேனும் அங்கிருந்தால், தமிழிலேயே பேசக்கூடிய அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துக் கொடுங்கள்.