மாயத் தொடர்களும் உறவின் அறமும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மனித உணர்ச்சிகளை எட்டாக வகுத்துரைத்தார். அவற்றுள் மருட்கையும் அச்சமும் தனித்தனியே இடம்பெறுகின்றன. அச்சம் பிறப்பதற்குத் தெய்வம், விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் என நான்கு காரணங்களை அவர் எண்ணுகிறார். இந்நான்கினுள் உறவினர் இல்லை என்பது நோக்கத்தக்கது. நம் காலத்துத் தொலைக்காட்சி எழுத்தாளர்கள் அச்சத்திற்கு ஐந்தாவது காரணம் ஒன்றைச் சேர்த்துவிட்டனர், அதுவே உறவு. பாம்பும் ஆவியும் காவல் தெய்வமும் நடமாடும் மாயத் தொடர்களைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அவற்றின் தரம் தந்திரக் காட்சிகளால் அமைவதில்லை. யாரை யாருக்கு என்ன உறவாக எழுத்தாளர் வைக்கிறார் என்பதனாலேயே அமைகிறது.

இக்கலை நமக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் தெய்வம் ஒரு பெண்ணை எடுத்துச் சென்று மணிபல்லவத்தில் வைக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி வருகிறது. மந்திரத்தால் வடிவமும் மாறுகிறது. மணிமேகலை காயசண்டிகையின் வடிவில் இருக்க, மனைவியைத் தேடிவந்த காஞ்சனன் அவளைத் தன் மனைவியென்றே எண்ணுகிறான். அவளை நாடிவந்த உதயகுமரனை வாளால் வீழ்த்துகிறான். மாண்டவனோ முற்பிறப்பில் மணிமேகலையின் கணவனாக இருந்தவன். மந்திரம் உருவத்தை மாற்றியதோடு நின்றது. அவலத்தை விளைத்தவை இரண்டு கணவன்மாரின் உறவுகள். சாத்தனாரின் மற்றொரு தேர்வு இதனினும் உயர்ந்தது. மாதவி தன் மகளைக் கண்ணகியின் மகள் என்றே கூறுகிறாள். சிறிய எழுத்தாளர் ஒருவர் கையில் கதை கிடைத்திருந்தால், இவ்விரு பெண்களும் தலைமுறை தலைமுறையாகப் பகைத்திருப்பார்கள். சாத்தனார் அப்பகையை மறுத்ததனாலேயே மணிமேகலையின் துறவுக்குப் பொருள் பிறந்தது.

இனி, சின்னத்திரைக்கு வருவோம். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த ‘மர்மதேசம்’ 1990-களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வாரந்தோறும் ஒளிபரப்பாயிற்று. அதன் ‘விடாது கருப்பு’ என்னும் பகுதியில், தவறு செய்வோரைக் குதிரையேறி வந்து தண்டிக்கும் காவல் தெய்வத்தின் அச்சம் ஓர் ஊரையே ஆட்டுகிறது. ஆயினும் பார்ப்போர் நெஞ்சில் நின்றது, அவ்வச்சத்தின் நடுவே வளரும் சிறுவன் இராசேந்திரனின் வீடு. ஊரார் ‘தெய்வம் யாரைத் தண்டிக்கும்?’ என்று கேட்க, கதை ‘நம்மவருள் யார் குற்றவாளி?’ என்று கேட்டது. தெய்வத்தின் மர்மத்தை மனத்தின் மர்மத்தோடு பிணைத்து, பிளவுண்ட உள்ளம் ஒன்றைக் காட்டிக் கதையை முடிக்க அவர்களால் முடிந்தது. முடிவை நோக்கியே உறவுகள் அமைக்கப்பட்டிருந்தமையே அதற்குக் காரணம்.

நாள்தோறும் வரும் தொடரின் இயல்பு வேறு. 2015-இல் இந்தியில் தொடங்கிப் பின்னர்த் தமிழில் மொழிமாற்றமாகி வந்த ‘நாகினி’ வார இறுதித் தொடரே ஆயினும், அதன் வழியைப் பின்னர்ப் பலரும் பின்பற்றினர். பெற்றோரைக் கொன்றவர்களைப் பழிவாங்க வந்த நாகப்பெண் சிவன்யா, கொன்றவர்களுள் ஒருவரின் மகன் ரித்திக்கையே மணக்கிறாள். பழியும் காதலும் ஒரே கூரையின் கீழ் வாழ்வது காப்பியத்திற்குரிய முடிச்சு. ஆனால் கதை நீள நீளப் புதிய பகைவர் தேவைப்பட்டனர். மாமியார் யாமினியே கொடியவளாக வெளிப்பட்டாள். திடுக்கிடும் திருப்பம் கிடைத்தது. முதலில் இறுகிய முடிச்சோ தளர்ந்தது.

2017-இல் தொடங்கிய சுந்தர் சி.யின் ‘நந்தினி’ பெங்களூர்த் தமிழர் தனியே எண்ணிப் பார்க்கத்தக்கது. 500-க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஓடிய இத்தொடர், சன் தொலைக்காட்சியில் தமிழிலும் உதயா தொலைக்காட்சியில் கன்னடத்திலும் வந்தது. மர்பி டவுனில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் தமிழரும் கன்னடியரும் ஒரே கதையை அவரவர் மொழியில் காண முடிந்தது. அஃது எளிதாயிற்று என்றால் உறவுச் சொற்களே காரணம் எனலாம். நம் அத்தை அவர்களுக்கு அத்தெ. நம் மாமன் அவர்களுக்கு மாவ. தந்தையின் தங்கையும் கணவனின் தாயும் இரு மொழியிலும் ஒரே சொல்லால் அழைக்கப்படுவர். ஆகவே, திரையில் மாமியாரை நஞ்சாக்கும் எழுத்தாளர், தாம் அறியாமலே தந்தையின் தங்கையையும் நஞ்சாக்கிவிடுகிறார்.

‘கொடுமைக்கார உறவினர் உலகில் இல்லையா?’ என்று சிலர் வினவலாம். உண்டு, நாட்டார் கதைகள் அவர்களை மறைத்ததில்லை. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்த நல்லதங்காளை அண்ணி மூளியலங்காரி வாட்டியதையும், அவள் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்ததையும் நம் பாட்டிமார் கண்ணீரோடு கேட்டிருக்கிறார்கள். ஆயினும் அக்கதை அண்ணியின் கொடுமைக்கு எதிரே அண்ணனின் அன்பை நிறுத்திற்று. ஓர் உறவு கெட்டதைச் சொன்ன கதை, உறவென்பதே கேடு என்று சொல்லவில்லை. இன்றைய தொடர்கள் பலவற்றில் இந்த எதிர்நிறை இல்லை; காரணமும் இல்லை. நேற்று நல்லவளாக இருந்த நாத்தனார் இன்று சூனியக்காரியை நாடுகிறாள் என்றால், கதை நீள வேண்டும் என்பதைத் தவிர வேறு விளக்கம் கிடைப்பதில்லை.

சொந்த ஊரில் வாழ்வோர்க்கு இதனால் பெருந்தீங்கு நேராது. திரையில் கண்ட அத்தையை மறுநாள் தெருவில் காணும் அத்தை திருத்திவிடுவாள். பிழைப்பு நாடிப் பெயர்ந்து வந்து, அல்சூரை அடுத்த இக்குடியிருப்பில் தலைமுறைகளாக வாழும் நம் குடும்பங்களின் நிலை அவ்வாறில்லை. நம் பிள்ளைகள் அத்தையையும் பெரியம்மாவையும் திருவிழாவிலோ சாவு வீட்டிலோ ஆண்டுக்கொரு முறை காண்கிறார்கள். திரையில் வரும் அத்தையோ வாரத்தில் ஐந்தாறு நாள் வீட்டுக்கு வருகிறாள். உறவுச் சொல் ஒன்று அவர்கள் நாவில் தங்கி, அதன் பொருள் திரையிலிருந்து வந்து சேருமானால், மொழியைக் காத்தும் பயன் பாதியே.

ஆதலின் தொடர்களை வெறுத்து ஒதுக்க வேண்டியதில்லை. மாயக் கதையைக் கேட்டு வியக்கும் உள்ளம் நம் முன்னோர் தந்த செல்வம். பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கையில் ‘இவள் ஏன் கெட்டவள் ஆனாள்?’ என்று ஒரு வினாவை எழுப்பினால் போதும். கதையிலேயே விடை இருந்தால் அந்த எழுத்தாளரைப் பாராட்டுவோம். விடை இல்லையேல், ஊரிலுள்ள அத்தையைத் தொலைபேசியில் அழைத்து, பிள்ளையைப் பேசச் சொல்வோம்.