ரிக்கார்டோ போட்ட கணக்கு

இயந்திரம் வந்தால் எல்லோருக்கும் நலமே! இப்படித்தான் எண்ணியிருந்தார் டேவிட் ரிக்கார்டோ. 1817-ல் தம் பொருளாதாரப் பெருநூலை வெளியிட்டார். 1821-ல் மூன்றாம் பதிப்பு. அதிலே புதியதோர் அத்தியாயம், இயந்திரத்தைப் பற்றி! முன்பு தாம் கொண்ட கருத்து தவறு, தொழிலாளரின் அச்சம் அறியாமையிலே பிறந்ததன்று என்று அவரே அதில் ஒப்புகிறார். நண்பர் மெக்கல்லக் பதறினார், நாமோ பாராட்டுகிறோம். ஏட்டில் ஏறியதை மாற்றலாகாது எனும் வைதிகம் பொருளாதாரத்திலும் உண்டன்றோ! ஆனால், அதே அச்சத்தால் இயந்திரம் உடைத்தோருக்குத் தூக்கு என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் செய்தது 1812-ல். அறிஞர் ஒப்பியதோ ஒன்பது ஆண்டு கழித்து!

அவர் போட்ட கணக்கைக் காண்போம். முதலாளி ஒருவரிடம் 20,000 பவுன். கட்டடமும் கருவியுமாக 7,000. தொழிலாளரைப் பேண 13,000. ஓர் ஆண்டு, பாதிப் பேரை இயந்திரம் செய்ய ஏவுகிறார். மறு ஆண்டு? இயந்திரம் எழுந்து நிற்கிறது. கூலிக்கு எஞ்சுவது 5,500. முதலாளியின் இலாபம் 2,000, ஒரு காசும் குறையவில்லை! 7,500 பவுனை நம்பி வாழ்ந்த கூட்டம்தான் தெருவிலே.

உலுக்கும் கணக்குதான், எனினும் ஓர் ஓட்டை உண்டு. பண்டம் மலிந்தால் வாங்குவோர் பெருகுவரே, அதற்கு இந்த எண்களில் இடமில்லை. ஜேம்ஸ் பெஸ்ஸன் எனும் இக்கால ஆய்வாளர் காட்டுகிறார்: 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், ஒரு கஜத் துணி நெய்யத் தேவைப்பட்ட உழைப்பில் 98 விழுக்காட்டை இயந்திரம் விழுங்கிற்று, நெசவு வேலைகளோ பெருகின! துணி மலிந்தது, மக்கள் மேலும் மேலும் வாங்கினர். 20-ஆம் நூற்றாண்டில் அந்த வேட்கை தணிந்தது, வேலைகளும் சுருங்கின.

அப்படியானால், அஞ்சியவன் பேதை என்று முடித்துவிடலாமா? மொத்த எண்ணை ஏந்திவந்து முழங்குவோரை நாம் கேட்கிறோம்: பெருகிய வேலை எவருக்கு? எப்போது? இவ்விரண்டும் இல்லாத மாதிரி, முதலாளியின் பேரேட்டுக்குப் பொருந்தும். தொழிலாளியின் வாழ்வுக்குப் பொருந்தாது. பிரிட்டனில் 1813-ல் விசைத்தறிகள் ஏறத்தாழ 2,400. 1833-ல் ஏறத்தாழ 1,00,000. அவற்றை இயக்க ஆலைகள் அழைத்ததோ பெரும்பாலும் பெண்களையும் இளைஞரையும். கைத்தறியிலே முதுகு வளைந்தவன் வீட்டிலேயே கிடந்தான். கூலி விழ விழ, அதே தறியில் இன்னும் அதிக நேரம் நெய்தான்.